உப்பு பங்களாவில் புதுப் பானை

பேய்கள் ராத்திரியில்தான் நடமாடும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. உப்பு பங்களாவில் குடியிருந்த நான்கு பேய்களும் ராத்திரி எட்டு மணிக்கே அடங்கிவிடுவார்கள். விடிந்ததும் எழுந்து, வெயில் ஏறும் வரை சண்டை போட்டுவிட்டு, மத்தியானம் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரே வீட்டில் வெகுகாலம் சேர்ந்து இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே இறங்கும் மண்பாதை கால்வாய்க் கரையில் போய் முடியும். அங்கே இருக்கிறது பங்களா. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளம் குத்தகை எடுத்த ஒருவர் கட்டியது. கூரையில் பாதி இல்லை. மீதிப் பாதியில் புறாக்கள். சுற்றிலும் சவுக்கு மரங்கள், பின்பக்கம் ஒரு பெரிய கிணறு.

நால்வரில் மூத்தவர் லந்தா துரை. சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ஒல்லாந்துக் கம்பெனிக்குத் துணி வாங்கியவர். செத்து இருநூற்றெழுபது வருஷம் ஆகிறது. அவருடைய கல்லறைக் கல்லை யாரோ பெயர்த்து வந்து இந்தக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டுவிட்டார்கள். கல் வந்த வண்டியிலேயே அவரும் வந்துவிட்டார். அடுத்தவர் பட்டாபி, உப்பு இலாகா குமாஸ்தா. 1934-இல் முகாம் வந்த இடத்தில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாகத் தின்று தீர்த்து உயிரை விட்டவர். கடைசியாக வந்தவன் ஜோயல். திருப்போரூரில் மனை விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். 2014-இல் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய், இந்தப் பாதை முனையில் லாரியில் மோதினான். கழுத்து டை இன்னும் அவிழவில்லை. கையிலிருக்கும் போனில் பதினோரு வருஷமாக நாலு சதவீதம் சார்ஜ் இருக்கிறது. யாருக்காவது போன் போட்டால் தீர்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறான்.

இவர்களுக்கு நடுவில் வந்தவள் காசியம்மாள். 1972-இல், இருபத்திரண்டு வயதில்.

அவள் இந்தச் சவுக்குத் தோப்பில் மிலாறு கழிக்க, சின்னக் கிளைகளை வெட்டிக் குவிக்க, வந்தவள். எட்டு மாதக் குழந்தையைக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, உச்சிவெயிலில் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். மழையில் ஊறியிருந்த கரை காலடியில் சரிந்தது. அவள் விழுந்தாள், அவள்மேல் மண் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து, கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலைக்கு வந்திருந்த நெல்லூர்க் கொத்தனார் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. காசி கொத்தனாரோடு ஓடிவிட்டாள். தோப்பில் வேலை செய்தவர்கள் இதைப் பேசிச் சிரித்தபோது காசியம்மாள் அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு காகம் மட்டும் திரும்பிப் பார்த்தது.

செத்துப்போனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் பூவும் பொட்டுமாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் நீர்க்கரைக்குப் போய், பம்பை அடித்து, அவளைக் கூப்பிட்டு, புதுப் பானையில் புதுப் புடவையோடு வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பிறகு அவள் அந்த வீட்டுத் தெய்வம். ஓடிப்போனவளை யார் கூப்பிடுவார்கள்? ஐம்பத்துமூன்று வருஷமாகக் கால்வாய்க்கு அப்பால் எத்தனையோ கல்யாணத்துக்குப் பம்பை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து வாசலுக்குப் போவாள். சத்தம் வேறு திசையில் போய்த் தேயும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பங்களாவை வாங்கிய புது முதலாளி கிரேன் வைத்துக் கிணற்றைத் தூர் வாரினார். சேற்றோடு எலும்பு வந்தது, ஒரு ஜோடி வெள்ளி மெட்டி வந்தது. போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. பத்திரிகையில் மூன்று வரி வந்ததாக வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காசியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு கிழவரும் பம்பையைத் தோளில் மாட்டிய ஒருவனும் வந்தார்கள். பம்பைக்காரன் கிணற்றைச் சுற்றிப் பார்த்தான். மூன்று கல்லுக்கு மஞ்சள் பூசிக் கிழக்கு பார்த்து வைத்தான். கற்பூரம் கொளுத்தி எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பானையோடு வந்துவிடுகிறேன், நூல் நான் கொண்டுவருகிறேன், மூடிக்குத் துணி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். கிழவர் கிணற்றுப் பக்கமே வரவில்லை. தூரத்தில் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, முகத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டை நனைத்தார்.

அவர்கள் போனதும் காசியம்மாள் கூடத்துக்கு ஓடிவந்து, தன்னைக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்று சொன்னாள். சந்தோஷத்தில் அவள் கால் தரையில் படவில்லை. எப்போதும் படாதுதான், அன்றைக்கு ஒரு முழம் கூடுதலாகப் படவில்லை.

பட்டாபி மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கெட்ட சகுனம். சந்தேகம் வந்தால் மட்டும்தான் அவர் அதைத் துடைப்பார்.

"புதுப் பானை, மஞ்சள் நூல், எலுமிச்சம்பழம், மூடி," என்று விரல் விட்டு எண்ணினார். "ஏண்டிம்மா காசி, லாசரை எதுல புடிச்சுண்டு போனான்?"



லாசர் முன்பு அந்த வீட்டில் இருந்த இன்னொரு பேய். பங்களாவைக் கட்டியவருக்குச் சமைத்த பட்லர். 1988-இல் அப்போதைய முதலாளி ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். அவன் இதே கிணற்றடியில் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் உருட்டி, இனிக்க இனிக்கக் கூப்பிட்டான். நல்ல சாப்பாடு போடப்போகிறார்கள் என்று லாசர் போய் எட்டிப் பார்த்தார். ஊறுகாய் ஜாடியில் அடைத்து, மூடிக்கு நூல் சுற்றி, வடக்கே மாமல்லபுரம் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டார்கள். அன்று மாடியறையிலிருந்து இறங்கி ஓடிவந்த பட்டாபி, காசியம்மாளின் முந்தானைக்குப் பின்னால்தான் ஒளிந்தார். அதுவரைக்கும் மாடி தன்னுடையது, அடுப்படிப் பக்கம் அவளுடையது என்று செத்தபிறகும் தீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கூப்பிடுவதற்கும் பிடிப்பதற்கும் சாமான் ஒன்றுதான். எடுத்துப்போகும் இடம்தான் வேறு. அதைப் பானைக்குள் போனபிறகுதான் தெரிந்துகொள்ள முடியும்.

அதன்பிறகு இரண்டு நாளும் யாரும் யாரையும் நம்பவில்லை. புது முதலாளிதான் பேயைக் காலி பண்ண ஆள் வைத்திருக்கிறான் என்றார் பட்டாபி. ரிசார்ட்டுக்காரன் எவனும் காலி பண்ண மாட்டான், பேய் இருந்தால் ரூமுக்கு வாடகை ஏறும் என்றான் ஜோயல். இவனுக்கு எப்படித் தெரியும், இவன்தான் முதலாளிக்குத் தகவல் சொல்கிறானோ என்று பட்டாபிக்குச் சந்தேகம். லந்தா துரை தன் கல்லின்மேல் உட்கார்ந்து, காசியம்மாள் போய்விட்டால் அடுப்படியை யார் எடுத்துக்கொள்வது என்று கணக்குப் போடுவதாக ஜோயலுக்குச் சந்தேகம். காசியம்மாளுக்கோ மூன்று பேர் மேலும் சந்தேகம். தான் போய்விடக் கூடாது என்று சேர்ந்துகொண்டு பயமுறுத்துகிறார்களோ? சண்டையில் அவள்தான் இவர்களுக்கு நடுவர். அவள் இல்லாவிட்டால் ஒருநாள் ஓடாது.

"நீங்கோ இன்னா வேணா சொல்லுங்க," என்றாள் கடைசியில். "வர்றது என் ஆளுங்களான்னு நான் பாத்துக்கறேன்."

ஆனால் எதை வைத்துப் பார்ப்பாள்? அது அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆட்டோ வந்தது. பின்னாலேயே பைக்கில் பம்பைக்காரன். ஆட்டோவிலிருந்து நரைத்த தலையோடு ஐம்பது தாண்டிய ஒரு பெண் இறங்கினாள். அவள் கையில் பானை. அடுத்து சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இறங்கினாள். முன்சீட்டிலிருந்து கிழவர்.

காசியம்மாள் பின்கட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று, நரைத்தவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். தன்னைவிட முப்பது வயது மூத்த ஒரு பொம்பளைக்குள் எட்டு மாதக் குழந்தையை எங்கே தேடுவது? நெற்றி தன் மாமியாருடைய நெற்றி மாதிரி இருந்தது. அந்த மாதிரி நெற்றி ஊரில் நூறு பேருக்கு இருக்கும். பம்பைக்காரன் அவளை சுஜாதா அக்கா என்றான். காசியம்மாள் குழந்தைக்குப் பெயர் வைக்கவே இல்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். சின்னவள் கவியா, அவளுக்குத்தான் கல்யாணம், ஆபீசில் மூன்று நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பேச்சில் தெரிந்தது.

அப்போது பம்பைக்காரன் கிழவரைப் பார்த்து, "ஏசுபாதம் அண்ணாத்த, கிட்ட வாங்க," என்றான்.

காசியம்மாள் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினாள். அவள் பிறந்த வழியிலும் புகுந்த வழியிலும் ஏழுமலை உண்டு, சின்னப்பையன் உண்டு, முனியம்மா உண்டு. ஏசுபாதம் கிடையாது.

கிழவர் கிட்டே வரவில்லை. பம்பைக்காரனைத் தனியாக அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். பக்கத்தில் நின்ற ஜோயல் கேட்டுவிட்டு வந்து சொன்னான். "யக்கா, மேட்டர் சரியில்ல. ரொம்ப கேள்வி கீள்வி கேக்காத, சட்டுனு கட்டிக்கினு போயிடலான்றாரு பெருசு. நல்லவன் எதுக்கு அவசரப்படணும்? நான் பிளாட்டு வித்தப்ப இதே மாதிரிதான் அவசரப்படுத்துவேன்."

லந்தா துரை கிணற்றடியில் வைத்திருந்த புடவையின் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். "கேளும் காசியம்மாளே. இது பட்டன்று, பட்டுப்போல் நெய்தது. கடலில் எறியப்போகிறவன் விலையுயர்ந்த சரக்கை வாங்கமாட்டான். ஆனால் வரும்படி குறைந்தவனும் வாங்கமாட்டான். ஆகையால் ஒன்றும் நிச்சயமில்லை." முன்னூறு வருஷத்து அனுபவம் அவ்வளவுதான் உதவியது.

பம்பைக்காரன் பெயர் கலைவாணன். கெட்டிக்காரன். பம்பையைத் தட்டி, கிணற்றைப் பார்த்துப் பாட ஆரம்பித்தான். பூவோடு போனவளே, பொட்டோடு போனவளே, உன் பேத்திக்குக் கல்யாணம், வா என்று அழைத்தான். அந்தச் சத்தத்துக்கு ஐம்பத்துமூன்று வருஷமாக ஏங்கியவள் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்கள் தாமாக நடக்கப் பார்த்தன. போனால் வீடு. இல்லாவிட்டால் லாசர் போன இடம். போகாமல் இருந்துவிட்டால்? பம்பைக்காரன் மூன்று முறைதான் கூப்பிடுவான். வராவிட்டால், இவள் ஓடிப்போனவள்தான், எலும்பு வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு யாரும் எப்போதும் வரமாட்டார்கள்.

முதல் முறை கூப்பிட்டாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று.

"நான் போறேன்," என்றார் பட்டாபி.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்ல விசாரணை. அப்புறம்தான் உத்தரவு. எங்க இலாகாவுல அப்படித்தான்." மூக்குக்கண்ணாடியை மாட்டினார், நேராக நடந்துபோய்க் கலைவாணனுக்குள் புகுந்துவிட்டார்.

பம்பை நின்றது. கலைவாணன் முதுகை நிமிர்த்திக்கொண்டு துவைக்கிற கல்லின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். லந்தா துரை முகம் சுளித்து நகர்ந்துகொண்டார்.

"இதுல மனுதாரர் யாரு?" என்றான் கலைவாணன்.

சுஜாதா பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். கவியா படம் எடுப்பதை நிறுத்தாமல், பம்பைக்காரர் ஏன் ஐயர் மாதிரி பேசுகிறார் என்று அம்மாவின் காதைக் கடித்தாள். சும்மா இரு, வேறு ஏதோ பெரிய சாமி வந்திருக்கிறது என்றாள் சுஜாதா.

பெரிய சாமி முதலில் காபி உண்டா என்று கேட்டது. இல்லை என்றதும் பெருமூச்சு விட்டு விசாரணையைத் தொடங்கியது. யாரைத் தேடி வந்தீர்கள், என்ன உறவு, எந்த வருஷம் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டது. அம்மாவைத் தேடி வந்தேன், காசியம்மாள் என்று பெயர், நான் கைக்குழந்தையாக இருந்தபோது காணாமல் போனது என்று சுஜாதா சொன்னாள்.

தூணைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆனாலும் காசியம்மாள் நகரவில்லை. பெயரை எவனும் விசாரித்து வந்துவிடலாம்.

"காணாமப் போனாளா, ஓடிப்போனாளா? ரெண்டும் வேற வேற ஃபைல்."

சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். "ஓடிப்பூட்டான்னுதான் சொன்னாங்க."

"கண்ணால பார்த்த சாட்சி உண்டோ?"

"மாமாதான் பாத்துச்சு. துணிப் பையோட ரோட்டுப் பக்கம் போச்சுன்னு அது சொன்னத வெச்சுத்தான் எல்லாரும்..." என்று கிழவரைக் காட்டினாள்.

கலைவாணன் விரலை மடக்கிக் கிழவரை அழைத்தான். கிழவர் சவுக்கு மரத்தை விட்டார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரு?"

"ஏசுபாதம்."

"பொறந்தப்போ வெச்ச பேரு?"

"ஏழுமலை. அப்புறமாத்தான் நைனா எங்க எல்லாரையும் கூட்டிகினு போயி ஞானஸ்நானம் எடுக்க வெச்சாரு."

தூணுக்குப் பின்னால் காசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வயதுத் தம்பி. மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். கால்சட்டைக்குப் பொத்தான் கிடையாது. அவள்தான் முள்ளால் குத்திவிடுவாள். அந்த ஏழுமலையா இந்த வழுக்கைத் தலை?

"ஏழுமலை, நீ என்ன பார்த்தே?"

கிழவர் மணலைக் கையால் அளைந்தார். "நான் எதுவும் பாக்கலங்க," என்றார்.

சுஜாதா அவர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா தண்ணிக்குப் போறேன், தூளிய ஆட்டிகினு இருடான்னு சொல்லிச்சு. கல்பாக்கத்துல பெரிய மிஷினு வந்து எறங்கிகீதுன்னு பசங்க சொன்னாங்க. பாக்க ஓடிட்டேன். திரும்பி வந்தா புள்ள கத்திகினு கீது. அக்காவக் காணும். புள்ளய வுட்டுட்டு எங்கடா போனேன்னு நைனா தோல உரிச்சிடுவாரு. அதான், நான் இங்கதான் இருந்தேன், அக்கா ரோட்டுப் பக்கம் போச்சுன்னுட்டேன். பையோடவா போச்சுன்னு ஒருத்தர் கேட்டாரு. ஆமான்னேன்." துண்டால் வாயை அழுத்திக்கொண்டார். "சாயங்காலமே அது கதையாயிடுச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. வருசம் ஆவ ஆவ இன்னும் வரல. பேப்பர்ல மெட்டின்னு படிச்சப்பதான்..."

கவியாவின் கையில் போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 

அந்த ஒரு 'ஆமா' இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே கிணற்றைப் பார்த்திருப்பார்கள். சரிந்த கரையைப் பார்த்திருப்பார்கள். காசியம்மாள் தூணை விட்டாள். யோசிக்கவில்லை. பின்வாசல் படியைக் கடந்தாள், கிணற்றடியைக் கடந்தாள், பேத்திக்குள் புகுந்தாள்.

கவியா போனைக் கீழே போட்டாள். தலைமுடி அவிழ்ந்தது. கிழவர் முன்னால் போய் நின்று கையை ஓங்கினாள். ஓங்கிய இடத்துக்கு நேரே வெயிலில் பளபளக்கும் வழுக்கை. அதைப் பார்த்ததும் அறைவதற்கு வைத்திருந்த கை தானாக மடங்கியது. நடுவிரல் முட்டியை மட்டும் துருத்தி, உச்சியில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, வைத்த இடத்திலேயே ஒரு திருகு திருகினாள்.

அறுபத்துமூன்று வயது ஏசுபாதம் "ஐயோ அக்கா" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்படியே நிமிர்ந்து பேத்தியைப் பார்த்தார். "அக்காதான்," என்றார் சுஜாதாவிடம். "இந்தத் திருகு வேற யாருக்கும் வராது. அக்காவேதான்."

காசியம்மாள் அவரை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. யார் பால் கொடுத்தது, யார் பள்ளிக்கூடம் அனுப்பியது, யார் கட்டிக்கொடுத்தது. எல்லாம் இந்த மாமன்தான் என்று சுஜாதா பிறகு அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் அப்போது மகள் வாயில் முதலில் வந்தது வேறு.

"உன்ன நானும்தாம்மா ஓடிப்போனவன்னு சொல்லிகீறேன். நெறைய தடவ."

"இப்ப இன்னா சொல்லுவ?"

"எங்கம்மா கெணத்துல வுழுந்து செத்துச்சுன்னு சொல்லுவேன்."

"எங்கிட்ட சொல்லாத. ஊருக்குள்ள போயி சொல்லு."

"பந்தல்ல மைக்கு வெச்சே சொல்றேன்."

காசியம்மாளுக்கு அது போதும்போல் இருந்தது. புடவையை எடு என்றாள். புடவை வந்தது. தொட்டுப் பார்த்தாள். லந்தா துரை சொன்னது சரி, பட்டில்லை. ஆனால் கருஞ்சிவப்பு.

பட்டாபி கலைவாணனை விட்டு வெளியே வந்தார். கலைவாணன், தன் கால் ஏன் கால்மேல் கிடக்கிறது என்று பார்த்து, அவசரமாக இறங்கிப் பம்பையை எடுத்தான். தன்னால்தான் அருள் இறங்கியது என்று அவன் நினைத்துக்கொண்டது அவன் முகத்தில் தெரிந்தது.

பானைக்குள் போகுமுன் காசியம்மாள் பேத்தியை விட்டு வெளியே வந்து ஒரு நிமிஷம் கிணற்றடியில் நின்றாள். லந்தா துரை தொப்பியைக் கழற்றினார். ஜோயல், பங்களாவை இடிக்க மாட்டார்கள், ஏசி போட்டு வாடகைக்கு விடுவார்கள், நாங்கள் சௌகரியமாக இருப்போம், கவலைப்படாதே என்றான். பட்டாபி மட்டும் அவளைத் தனியே அழைத்தார்.

"தம்பிதான். ஒத்துக்கறேன். ஆனா அம்பது வருஷம் ஒரு பொய்யைக் காப்பாத்தினவன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னால மானம் போயிடுத்து. அவனுக்கு உன்னைக் கடல்ல போட இப்போதான் காரணமே வந்திருக்கு."

கல்யாண நாளில் கண்ணேறு போடுகிற மாதிரி இருந்தாலும், அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜோயல் வழி சொன்னான். மண்பாதை முடிந்து மெயின் ரோட்டில் ஏறும்போது கவனி. தெற்கே திரும்பினால் புதுப்பட்டினம், வீடு. வடக்கே திரும்பினால் மாமல்லபுரம், கடல். வடக்கே திரும்பினால் யோசிக்காதே, பானையை உதைத்து உடைத்துக்கொண்டு வந்துவிடு.

அவள் உள்ளே போனாள். புடவை மேலே வந்தது. மூடி வந்தது. மஞ்சள் நூல் மூன்று சுற்று.

"நீ முன்னாடி குந்து மாமா," என்றாள் சுஜாதா. குரலில் இன்னும் கோபம் ஆறவில்லை. அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை. பூவாடைக்காரியைத் தூக்குகிறவள் வீடு சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பானையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியது.

பானைக்குள் இருட்டாகவும் புடவைக் கஞ்சி வாசனையாகவும் இருந்தது. முன்சீட்டில் ஏழுமலை டிரைவரிடம் ஏதோ முணுமுணுத்தான். என்ன முணுமுணுப்பு? மண்பாதையின் பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி வண்டி மெதுவானது. மெயின் ரோடு. காசியம்மாள் மூச்சைப் பிடித்தாள்.

வண்டி இடதுபக்கம் வளைந்தது. வடக்கே.

வேகம் பிடித்தது. வலதுபக்கத்திலிருந்து வெயில் பானையைச் சுட்டது. அந்தப் பக்கம்தான் கடல். காற்றில் உப்பு நெடி வந்தது. ஆக, பட்டாபி சொன்னது பலித்துவிட்டது. ஏழுமலை இரண்டாவது தடவையும் தன்னை விற்றுவிட்டான். அவள் இரண்டு காலையும் மடக்கி மூடியில் வைத்தாள். பானை அனலாய்க் கொதித்தது. சுஜாதா சட்டென்று குனிந்து பார்த்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? வழக்கத்துக்காகவா, குற்ற நெஞ்சாலா? கையை மட்டும் எடுக்காமல் இன்னும் இறுக்கி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு உதை போதும். உடைந்த பானைக்குள் யாரும் இரண்டாம் தரம் கூப்பிட மாட்டார்கள். திரும்பவும் பங்களா. வாசலில் பட்டாபி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் சொல்லலையா என்பார். இன்னும் இருநூறு வருஷத்துக்குத் தினமும் காலையில் அதைச் சொல்வார்.

உதைக்கவிருந்த கால் அந்த நினைப்பில் ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்தில் வண்டி மெதுவாகி, அரை வட்டமாக வளைந்தது. வலதுபக்கம் சுட்டுக்கொண்டிருந்த வெயில் பானையைச் சுற்றி நடந்து இடதுபக்கம் வந்து நின்றது.

"இன்னா ரோடு போட்டாங்களோ," என்று டிரைவர் அலுத்துக்கொண்டான். "நடுவுல செவுரு எழுப்பி வுட்டுட்டாங்க. தெக்க போவணும்னா ஒரு கிலோமீட்டரு வடக்க போயி யூ டர்ன் அடிச்சுகினு வரணும். பெட்ரோலு யாரு தர்றது?"

அக்கா வீடு வந்து சேரவேண்டாமா என்று ஏழுமலை ஏதோ சமாதானம் சொன்னான். ஜோயல் செத்தபோது அந்தச் சாலையில் நடுச்சுவர் கிடையாது. பாவம், அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

வண்டி தெற்கே ஓடியது. மண்பாதை முனை இந்தமுறை வலதுபக்கமாகப் பின்னால் போனது. சுஜாதாவின் விரல் ஒன்று நூலுக்கு மேலாக மூடியை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது, அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. பானை மெதுவாக ஆறியது. காசியம்மாள் மூடியிலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

இன்னொரு காலை எடுக்கவில்லை. புதுப்பட்டினம் இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.